‘எனக்குக் கோபமே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?’

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைத் தொடக்கம் முதல் அனுப்பும் வரை பின்தொடர்ந்து கவனிப்பவர்) வேலை பார்க்கும் 38 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது. அதன் சாரம் இது.

கருநீல டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. டையிங்கிலிருந்து, அதாவது சாயமேற்றி, வந்த துணியில் ரோலுக்கு ரோல் ஷேடு (நிறச் சாயல்) மாறியிருந்தது. "கட்டிங் போட வேண்டாம்" என்று புரொடக்‌ஷன் மேனேஜருக்கு இவர் இரண்டு முறை மெயில் அனுப்பினார். பதில் இல்லை. கட்டிங் நடந்தது. கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் சரக்கு ஃபெயில். மாற்றித் தைத்து விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாள் முதலாளி முன்னால் நடந்த மீட்டிங்கில், "மெர்ச்சண்டைசிங்கில் ஃபாலோ-அப் சரியில்லை" என்றார் மேனேஜர். இவர் எழுந்து நின்று சத்தமாகப் பேசினார். கையிலிருந்த ஃபைலை மேஜையில் அடித்தார். பேசும்போதே கண்ணீர் வந்துவிட்டது. "வீட்டுல சார் சரியா கவனிக்கிறதில்ல போல" என்று மேனேஜர் சொல்ல, அறையில் சிலர் சிரித்தார்கள். "வீட்டுப் பிரச்சினையைக் கம்பெனிக்குக் கொண்டுவராதீங்கம்மா" என்று சொல்லி முதலாளி மீட்டிங்கை முடித்தார். இப்போது மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். நடந்து ஐந்து வாரம் ஆகிறது.

இதே மேனேஜர் போன வருடம் ஒரு சூப்பர்வைசர் மீது செல்போனை வீசியெறிந்தவர். "டென்ஷன் பார்ட்டி, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்" என்று அன்று எல்லோரும் சொன்னார்களாம்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "உனக்கு இப்பல்லாம் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு, டாக்டரைப் பாரு" என்கிறார் கணவர். "நாங்கெல்லாம் இப்படிக் கோபப்பட்டிருந்தா குடும்பம் நடந்திருக்குமா?" என்கிறார் மாமியார். போன வாரம் 11 வயது மகள், "நீ கத்துறப்ப எனக்குப் பயமா இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள். அதன்பிறகுதான் இந்தக் கடிதம். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். எனக்கு ஏதாவது நோயா? மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா? எனக்குக் கோபமே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

அன்புத் தோழி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். ‘வருத்தம்’ என்ற சொல் பதினோரு இடத்தில் இருக்கிறது. உங்களைப் பற்றிய பேச்சில் ‘கோபம்’ நான்கே இடத்தில்தான். அதில் மூன்று, மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொன்னவை. நான்காவது, அதை ஒழிக்க வழி கேட்கும் கடைசிக் கேள்வி. "எனக்குக் கோபம் வந்தது" என்று ஓரிடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. ஷேடு சரியில்லை என்று இரண்டு தடவை எச்சரித்தும் பழி உங்கள் மேல் விழுந்ததைப் பற்றி, "ரொம்ப வருத்தமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வருத்தம் இல்லை. கோபம்தான், அதுவும் நியாயமான கோபம். முதலில் அதை அதன் பெயரால் கூப்பிடுவோம்.

இந்தப் பெயர் மாற்றம் உங்களிடம் தொடங்கியதும் இல்லை. 1976-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பெட்டியிலிருந்து பொம்மை திடீரென்று துள்ளி எழுகிறது, குழந்தை வீறிடுகிறது. ஒரே படம்தான். ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு அது கோபமாகத் தெரிந்தது. பெண் குழந்தை என்று சொன்னபோது பயமாகத் தெரிந்தது. தொட்டிலில் கிடக்கும்போதே நம் கோபத்துக்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். முப்பது வருடம் கழித்து அந்தப் பெயரை நாமே வைத்துக்கொள்கிறோம்.

நம் ஊர்ப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்’ என்று ஒரு பெண்ணைப் பற்றி யாராவது சொல்லி நான் கேட்டது மிக அபூர்வம். பெண்ணுக்கென்று வைத்திருக்கும் சொற்கள் வேறு: பஜாரி, ராட்சசி, அடங்காப்பிடாரி. பஜாரிக்கு ஆண்பால் கிடையாது. பிடாரி ஊரைக் காக்கும் தெய்வம். கோயிலில் இருந்தால் பொங்கல் வைப்போம், அதே பெயரை வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு வைத்தால் வசவு.

உங்கள் மாமியார் சொன்னதிலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் தலைமுறைக்குக் கோபம் வராமல் இல்லை. வாய் வழியாக வராது, அவ்வளவுதான். அடுப்படியில் பாத்திரம் பேசும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பார்கள். நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். என் சொந்த ஊரில் சித்திரைத் திருவிழாவில் ஓர் அத்தைக்குச் சாமி வரும். வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "என்ன குறை தாயே, சொல்லு" என்று கேட்பார்கள். அவர் சொல்வார், அத்தனை பேரும் கேட்பார்கள். மறுநாள் அதே அத்தை வீட்டில் ஏதாவது சொன்னால் காது கொடுக்க ஒருத்தரும் இல்லை. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. வருடத்தில் ஒரு நாள்தான் அவருக்குப் பேச அனுமதி இருந்தது என்பதைச் சின்ன வயதில் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. மாமியாரிடம் ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள்: "உங்களுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?" சண்டை போடவோ மடக்கவோ இல்லை, தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

நோயா என்ற கேள்விக்கு

கோபம் நோய் அல்ல. ஆனால் உடம்பு சரியில்லாதபோது பொறுக்கும் சக்தி குறையும், அதனால் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள். கணவர் சொன்னதற்காகவோ கோபப்பட்ட குற்றத்துக்காகவோ இல்லை, உங்கள் உடம்புக்காக. தைராய்டு அளவு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தால் போதும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலை நாலரைக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் எரிச்சல் வரும்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் எரிச்சல் கூடுகிறதா என்பதை இரண்டு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் ஒன்று: அந்த வாரத்தில் வந்தாலும் கோபத்துக்கான காரணம் பொய்யாகிவிடாது. துணியில் ஷேடு மாறியிருந்தது உங்கள் ஹார்மோனால் அல்ல. பெண்ணின் கொந்தளிப்பையெல்லாம் கருப்பையின் தலையில் கட்டிய காலம் ஒன்று இருந்தது. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலிருந்து 1980-ல்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். நம் வீடுகளில் இன்னும் எடுக்கவில்லை.

"சில நாள் எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நாலு நாள் தனியாக இருக்க வேண்டும் என்ற ஆசை என்றால் அது புரிகிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருந்தால், தயவுசெய்து இந்தப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள்.

மன்னிப்புக் கடிதம்

இதில் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டி உங்கள் கையில் கொடுக்கப் பார்க்கிறார்கள். சத்தம் போட்டது ஒன்று. சரக்கு ஃபெயில் ஆனது இன்னொன்று. முதலாவதற்கு வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை, உங்களுக்கே அது உறுத்துகிறது என்றால். இரண்டாவது உங்கள் தவறு இல்லை. இரண்டும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால், நாளைக்கு நஷ்டக் கணக்குப் பார்க்கும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். அவர்கள் அடித்துக் கொடுக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே நாலு வரி எழுதுங்கள். இப்படி:

"இன்ன தேதி மீட்டிங்கில் குரலை உயர்த்தியதற்கும் ஃபைலை மேஜையில் அடித்ததற்கும் வருந்துகிறேன். ஷேடு வேறுபாடு குறித்து இன்னின்ன தேதிகளில் நான் அனுப்பிய இரண்டு மெயில்களை இத்துடன் இணைத்துள்ளேன். கட்டிங் தொடங்க ஒப்புதல் தந்தது யார் என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதைக் கம்பெனி மெயிலிலேயே அனுப்புங்கள், பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே. அவற்றை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம், சில நிறுவனங்கள் அதையே விதிமீறல் என்று பிடித்துக்கொள்ளும். தேதி, நேரம், யாருக்கு அனுப்பியது, யார் யார் மீட்டிங்கில் இருந்தார்கள் என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலையை விட்டு எடுப்போம் என்ற பேச்சு வந்தால், கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

செல்போன் வீசியவருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், அப்படித்தான் நடக்கிறது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அளந்தே பார்த்தது. வேலையிடத்தில் கோபப்படும் ஆணுக்கு மதிப்பு கூடியது, கோபப்படும் பெண்ணுக்குக் குறைந்தது. ஆணின் கோபத்துக்குச் சூழ்நிலை காரணம் என்றார்கள், பெண்ணின் கோபத்துக்கு அவள் சுபாவம் காரணம் என்றார்கள். உங்கள் முதலாளி ‘வீட்டுப் பிரச்சினை’ என்று சொன்னாரே, அது இதேதான். ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கோபத்துக்கான வெளிக் காரணத்தை அந்தப் பெண் தெளிவாகச் சொன்னபோது அவள் மதிப்பு அவ்வளவாகச் சரியவில்லை. ஆண் விளக்கம் சொல்லாமலே தப்பிக்கும்போது நாம் ஏன் விளக்க வேண்டும்? நியாயமே இல்லைதான். ஆனாலும் நாளைக்குக் காலையில் நீங்கள் அந்த அலுவலகத்துக்குள்தான் போயாக வேண்டும் என்பதால் சொல்கிறேன். அடுத்த முறை முதல் வாக்கியமே காரணமாக இருக்கட்டும்: "ரெண்டு மெயில் போட்டும் பதில் வரல சார், அதனாலதான் கோபமா இருக்கேன்."

கண்ணீர் வந்துவிட்டதே என்று வெட்கப்படுகிறீர்கள். கோபம் தலைக்கேறும்போது கண்ணில் நீர் வருவது பலவீனம் இல்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான். அடக்கப் பார்த்தால் தொண்டை அடைத்துப் பேச்சே நின்றுவிடும். "கண்ணுல தண்ணி வருது, அது பாட்டுக்கு வரட்டும். நான் சொல்ல வந்ததை முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். என்னிடம் வந்த ஒரு பேராசிரியை இதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தார். இரண்டு மீட்டிங்கில் படித்துப் பார்த்துச் சொன்னார். மூன்றாவதில் சீட்டு தேவைப்படவில்லை.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனது

"வீட்டுல சார் சரியா கவனிக்கிறதில்ல போல." இதை எழுதிவிட்டு உடனே, "அது போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்" என்று போய்விட்டீர்கள். தோழி, எனக்கு அதுதான் விஷயமாகப் படுகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தொடுவதை மட்டும் சொல்லவில்லை. பாலியல் தொனியில் பேசுவதும் அதில் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைமையில் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் என்பது விதி. முதலாளி மேலேயே புகார் என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றாலோ மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது. ‘கேஸ் ஆகிவிடும், போலீஸ் வரும்’ என்று பயப்பட வேண்டாம், இது நிறுவனத்துக்குள் நடக்கும் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும், உங்கள் பெயரை வெளியிடக் கூடாது. விசாரணை நடக்கும்போது நீங்கள் கேட்டால் மூன்று மாதம் வரை விடுப்புக்கும் குழு பரிந்துரைக்கலாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பூரில் ஒரு கம்பெனியில் நடப்பது அடுத்த கம்பெனிக்கு டீ வேளைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சிரித்தவர்கள் சாட்சி சொல்ல வருவார்களா என்பதும் சந்தேகம்தான். அன்று சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவராவது இருந்திருப்பார். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. கொடுக்காவிட்டாலும் அந்த வரியை நோட்டில் எழுதுங்கள். ‘அது போகட்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

வீடு

உங்கள் கணவர் நல்லவர் என்றும் அடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடிக்காமல் இருப்பது அடிப்படை, அதற்காக நன்றி சொல்லத் தேவையில்லை. அடுத்த பத்தியிலேயே இன்னொன்று இருக்கிறது: அவருக்குக் கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார், "அப்பா கோபமா இருக்கார், டிவியை ஆஃப் பண்ணு" என்று நீங்களே மகளிடம் கிசுகிசுப்பீர்கள். அவர் கோபத்துக்கு வீடே அமைதியாகிறது. உங்கள் கோபத்துக்கு டாக்டரைத் தேடுகிறது. அவரை வில்லனாக்க நான் இதைச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுங்கள், இரவில் சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கும் நேரத்தில் வேண்டாம். அப்படியே வேலைப் பங்கையும் பேசுங்கள். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளில் அதற்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். காலை டிபன் அவர் பொறுப்பு என்றானால் உங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். அதற்கு ஈடான மாத்திரை எனக்குத் தெரியாது.

தலையணையைக் குத்தினால் கோபம் தணியும் என்று தோழி சொன்னதைச் செய்துபார்த்ததாக எழுதியிருந்தீர்கள். விட்டுவிடுங்கள். குத்தித் தீர்ப்பதால் கோபம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்று 2002-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பத்து நிமிடம் மெதுவாக நடப்பது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது, இவைதான் உதவும். உடம்பு தணிந்த பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்வது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கோபமே வராமல் இருக்க வழி எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கட்டிங்கை நிறுத்தச் சொல்லி இரண்டாவது மெயில் போட வைத்தது அந்தக் கோபம்தான். பிரச்சினை அது போகும் திசையில் இருக்கிறது. மேனேஜரிடம் சொல்ல முடியாதது, முதலாளியிடம் சொல்ல முடியாதது, கணவரிடம் சொல்லாமல் விழுங்கியது எல்லாம் சேர்ந்து, ஹோம்வொர்க் நோட்டைத் தொலைத்த ஒரு 11 வயதுப் பெண்ணின் மேல் போய் விழுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே இடம் அதுதான்.

இன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தலை பின்னும்போது சொல்லுங்கள். "நான் அன்னைக்குக் கத்துனது உன்னால இல்ல. ஆபீஸ்ல ஒருத்தர் மேல இருந்த கோபம். அதை உன் மேல காட்டுனது தப்பு." இவ்வளவு போதும். ‘அம்மாவுக்கு இனிமேல் கோபமே வராது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது முடியாது. வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம்: நீங்கள் குரலை உயர்த்தினால் அவள் உங்கள் கையைப் பிடித்து அழுத்தட்டும், நீங்கள் பால்கனிக்குப் போய்விட்டு வாருங்கள்.

அப்புறம் அவளிடம் கேளுங்கள், உனக்கு எப்பெல்லாம் கோபம் வரும் என்று. உங்கள் மேலேயே என்று அவள் சொல்லலாம். சொல்லட்டும். பின்னிக்கொண்டே கேளுங்கள். ‘பொம்பளப் புள்ள இப்படிப் பேசக் கூடாது’ என்ற வாக்கியம் வாய் வரை வரும். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.